கழிவு

லீல் நகரத்துத் தனியார் பள்ளி
என் இரண்டு வருடங்களை நிறுத்துப் பார்த்துக்
கடிதம் போட்டிருந்தது.
நூற்றியிருபது புள்ளி கொண்டுபோனேன்.
நூற்றியிரண்டு தேறியது.
பதினெட்டு கழிவு.

வில்த்தனூஸ் தொழில்நுட்பக் கல்லூரி,
மூன்றாம் மாடி ஆய்வுகூடம்.
இருந்த ஆறு அலைகாட்டிகளில்
ஒன்றுக்குத்தான் உயிர்.
ஒன்பது பேர் அதைச் சுற்றி நிற்போம்.
வலித் குமிழைத் திருகுவான்,
ஐசதா கம்பியை அழுத்திப் பிடிப்பாள்,
பச்சைக் கோடு நடுங்கி எழும்பும்போது
பின்னாலிருந்து யாரோ கைதட்டுவார்கள்.
அந்தப் பாடத்தைத்தான் கழித்திருந்தார்கள்.
நட்சத்திரக் குறி போட்டு, அடியில், சின்ன எழுத்தில்:
"எங்களிடம் இதற்கு நிகரான பாடம் இல்லை."

உண்மைதான்.
அங்கே ஆளுக்கொரு அலைகாட்டி.

நேர்முகத்தில் மூன்று பேர்.
ஏன் எங்கள் பள்ளி என்றார்கள்.
ஒத்திகை பார்த்த பதில் ஒன்று நாக்கில் இருந்தது,
ரோபோ, எதிர்காலம், இன்ன பிற.
வாய் வேறொன்றைச் சொன்னது:
நான் பயிற்சிக்குப் போன பட்டறையில்
அளந்து எழுதியது நான்.
கையெழுத்துப் போட வந்தவர்கள்
உங்கள் பள்ளியில் படித்தவர்கள்.
நடுவில் இருந்தவர் பேனாவை மேசையில் வைத்தார்.
கோபமா என்று இன்றுவரை தெரியாது.

கட்டணம் வருடத்துக்கு
ஒன்பதாயிரத்து எண்ணூறு யூரோ.
புலமைப்பரிசில் சரி பாதி.
அதற்கு ஒரு பெயர் உண்டு,
பெயருக்குப் பின்னால் மீசை வைத்த ஒரு படம்,
படத்துக்குப் பின்னால் எப்போதோ மூடிய நூல் ஆலை.
அவருடைய பேத்திக்கு நான்
நன்றிக் கடிதம் எழுதவேண்டும்,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

அரசாங்கத்தின் உதவிப்பணம் அறை வாடகைக்கே சரி.
மிச்சம் நாலாயிரத்துத் தொளாயிரம்.
அப்பா மீன்கடை ரசீதின் பின்பக்கத்தில்
அந்த எண்ணை மட்டும் எழுதி
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஞாயிறு, லாக்கூர்னேவ்,
கமலேஸ்வரி அக்கா வீட்டில் சீட்டு.
இருபது பேர், மாதம் முந்நூறு.
"ஆருக்குத் தேவை?"
தாசன் அண்ணைக்கும் தேவை, வானுக்குக் கியர்பெட்டி.
எண்ணூறு கழிவு என்றார்.
தொளாயிரம் என்றார் அப்பா.
ஆயிரம்.
ஆயிரத்து ஐம்பது.
"ஆயிரத்து நூறு" என்று சொல்லிவிட்டு அப்பா
மிக்சர் தட்டில் கடலை பொறுக்கத் தொடங்கினார்,
கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.
தாசன் அண்ணை கூரையைப் பார்த்தார்.
"சரி, எடுங்கோ."

அந்த மாதம் எல்லோருக்கும்
ஐம்பத்தைந்து யூரோ இலாபம்,
தாசன் அண்ணைக்கும்.
என் படிப்பால் முதலில் பயனடைந்தவர்கள் அவர்கள்தான்.

படிவத்தில் ஒரு கட்டம்:
பிற நிதி மூலங்கள் இருப்பின் குறிப்பிடவும்.
சீட்டு என்பதை என்னவென்று எழுத?
ஐசதாவைக் கேட்டேன்.
அவளுடைய அம்மாவும் போடுகிறாராம்,
வியாழக்கிழமைகளில், பெண்கள் மட்டும்.
தொந்தீன் என்று ஒரு சொல் இருக்கிறது,
ஆனால் எழுதாதே, ரசீது கேட்பார்கள் என்றாள்.
எழுதினேன்: குடும்பம். இருபது பேர்.

கார் து நோரில் இறங்கினால்
கால் தன்பாட்டில் லாசப்பல் பக்கம் திரும்பும்.
அன்று பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே மேடைக்கு.
ஒரு மணி நேரம், தட்டையான வயல்கள், மழை.

முதல் ஆய்வுகூட வகுப்பு.
என் மேசை, என் அலைகாட்டி.
பச்சைக் கோடு முதல் திருகலிலேயே எழும்பி நின்றது.
திரும்பிப் பார்த்தேன்.
அவரவர் கோட்டை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கழிந்த பதினெட்டையும் செவ்வாய் இரவுகளில்
திரும்பப் படிக்கிறேன்,
வேறு பெயருள்ள ஒரு பாடத்தில்.

நேற்று நிதிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்:
குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையில்
பிழை இருக்கலாம், சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன்.
என்னை எண்ணாமல் விட்டிருந்தேன்.
இருபத்தொன்று என்று திருத்தி அனுப்பினேன்.